மஞ்சள் நூல் கட்டாத பத்தொன்பது பெட்டிகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் கைலாசம் அய்யா அவர்களே! சின்ன காஞ்சிபுரத்து மளிகைக் கடையை நடுப்பகலில் சாத்திவிட்டு வந்திருக்கும் நமது குழுவின் செயலாளர் பூவராகவன் அவர்களே! பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பங்களே! செவிலிமேட்டிலிருந்து ஒரு டவுன் பஸ் நிறைய வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மேரி சிஸ்டரின் உறவினர்களே! ஏன் பின்வரிசையில் அமர்ந்தீர்கள்? முன்னால் நாற்காலிகள் காலியாகத்தானே இருக்கின்றன? எழுந்து வாருங்கள். நீங்கள் வந்து அமரும்வரை நான் நிற்கிறேன்.

நல்லது. முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சிஸ்டரின் மகள் சுகாசினி அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பஞ்சாட்சரம். பட்டு நெய்கிறவன். இலங்கையில் அரிசிக்கும் மருந்துக்கும் மக்கள் தெருவில் நின்றபோது, அவர்களுக்குப் பொருள் சேர்த்து அனுப்ப நாம் தொடங்கிய உதவிக் குழுவுக்கு நான் தலைவன். தொகுப்பாளர் தம்பி தினேஷ் என் கையில் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார். "மூன்று நிமிடம்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு முன்னால் பேசிய ஆறு பேருக்கும் இதே சீட்டைத்தான் கொடுத்தார். ஒருவரும் மதிக்கவில்லை. நானும் மதிக்கப் போவதில்லை. ஆனால் நான்கு மணிக்கு வேன் வருகிறது, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மணி மூன்று ஐந்து.

ஆறு பேர் பேசினீர்கள். அன்பின் வடிவம் என்றீர்கள். தியாகத் திருவிளக்கு என்றீர்கள். எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் "தன்னலமற்ற சேவைச் செம்மல் திருமதி மேரி ஜெபகுமார்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். கேட்கக் கேட்க என்னால் உட்காரவே முடியவில்லை. கைலாசம் அய்யா இரண்டு முறை என் தொடையைத் தட்டி, "என்னப்பா, காலை ஆட்டிக்கினே இருக்கிற?" என்று கேட்டார். அய்யா, இன்றைக்கு அந்தக் கால் நிற்காது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

மேரி சிஸ்டர்! அரசு மருத்துவமனைகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்தவர். இந்த ஊரில் அவர் ஊசி போடாத கையும் உண்டா? அவர் அதட்டாத ஆளும் உண்டா? இளம் வயதில் கடலோரத்து மண்டபம் அகதிகள் முகாமில் அவருக்கு வேலை. இலங்கையிலிருந்து படகில் வந்து கைக்குழந்தையோடு இறங்கிய தாய்மார்களுக்குப் பால் கரைத்துக் கொடுத்தவர். "அங்கே பால் பவுடர்னு சொல்ல மாட்டாங்க, பால்மான்னு சொல்லுவாங்க" என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, சித்திரை மாதம். நான் தறிக் குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருக்கிறேன். வாசலில் குடையோடு சிஸ்டர். முன்னுரை கிடையாது, சுற்றிவளைப்பும் கிடையாது.

"நேத்து டிவி பாத்தீங்களாண்ணே? பால்மாவுக்கு நாலு கிலோமீட்டர் கியூ நிக்குது. நாம எதுனா அனுப்பணும்" என்றார்.

எனக்கு எரிச்சல். பட்டு விலை ஏறிக் கிடந்த நேரம். "நம்ம தெருவுலயே வேலை இல்லாம ஆளுங்க உக்காந்துக்கினு இருக்குதுங்க. கடல் தாண்டிப் போய்க் குடுக்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் குடையை மடக்கினார். "இங்க பசிச்சா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். அங்க தட்டற கதவுக்கு உள்ளேயும் ஒண்ணும் இல்லைண்ணே" என்றார்.

நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன். அன்று மாலைக்குள் பதினெட்டு வீடுகளில் பேசினோம். வீட்டுக்கு ஒரு படி அரிசி, முடிந்தால் ஒரு பாக்கெட் பால் பவுடர். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் கப்பலில் அனுப்புகிறது. அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே நம் வேலை. குழு பிறந்தது. தலைவர் யார்? நான். செயலாளர் யார்? பூவராகவன். யோசனையைக் கொண்டுவந்த சிஸ்டருக்கு என்ன கொடுத்தோம்? பொருள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு! வேலை அதிகம், பெயர் குறைவு. அதைத்தான் கொடுத்தோம்.

அவர் சரிபார்த்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். இதே மண்டபத்தில் பாயை விரித்து உட்காருவார். ஒரு பாக்கெட்டை எடுப்பார். காலாவதித் தேதியை உரக்கப் படிப்பார். எதிரில் இருப்பவர் அதை வாங்கித் தன் கண்ணால் பார்த்து உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாய் சொன்னால்தான் அது பைக்குள் போகும். "ஊசி மருந்தை இப்படித்தான் பார்ப்போம். ஒரு கண்ணு தூங்கிடும்ணே, ரெண்டு கண்ணு தூங்காது" என்பார். எத்தனையோ பேர் சலித்துக்கொண்டோம். எதிரில் அமர்ந்து திருப்பிச் சொல்ல நான் ஒருநாளும் உட்காரவில்லை, தலைவர் ஆயிற்றே!

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தம்பி தினேஷ், நீ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டாதே. மணி எனக்கும் தெரியும்.

அந்த முதல் சரக்கை மறந்திருக்க மாட்டீர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பாக்கெட் பால் பவுடர். காலையில் சென்னைக்குப் போனது, அன்று மாலையே அதே வேனில் திரும்பி வந்தது. காலாவதித் தேதி அச்சிட்டிருந்த இடத்தில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் மஞ்சள் அப்பியிருந்தது. துடைத்தால் மஞ்சளோடு தேதியும் சேர்ந்து வந்துவிட்டது. தேதி தெரியாத பொருளைக் குழந்தைகளுக்கு ஏற்றி அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

மறுநாள் இதே இடத்தில் கூடினோம். என்ன பேசினோம் என்று நினைவிருக்கிறதா? மஞ்சள் வைத்தது யார் என்று ஒருவராவது கேட்டோமா? கேட்கவில்லை! "யாரோ நல்ல மனசுல வச்சிட்டாங்க" என்று அதோடு விட்டுவிட்டோம். பொட்டு வைத்தது நமக்குக் குற்றமாகவே படவில்லை. பிறகு நாம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "செக் பண்ண வேண்டியது யாரு?"

சிஸ்டர் எழுந்து நின்றார். "நான்தான். ஏத்தறதுக்கு முன்னாடி பாக்காம விட்டுட்டேன். காலாவதியான பதினாலு பாக்கெட்டைத் தனியா வைக்காம கலந்துட்டேன். என் தப்புதான்" என்றார்.

அப்போது எழுந்த பேச்சை நான் இங்கே முழுவதும் சொல்லப் போவதில்லை. அவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள். கண் தெரியாதவளிடம் வேலை கொடுத்தது யார் தப்பு என்றார் ஒருவர். "அவங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போவுது" என்றார் இன்னொருவர். அவங்க பக்கத்து ஆளுங்க என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் நம் பிள்ளைகளுக்கு மருந்து பார்த்துக் கொடுத்த கண்ணை ஐந்து நிமிடத்தில் குருடாக்கினோம். சரிபார்க்கும் பொறுப்பிலிருந்து அவரை நீக்கித் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தது யார்? இந்த வாய்!

பெருமக்களே! அந்த மஞ்சளை வைத்தவன் நான்.

சலசலக்காதீர்கள். உட்காருங்கள். முழுவதும் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தறியிலிருந்து அறுத்த புடவை, முனையில் மஞ்சள் தொடாமல் வாசல் தாண்டாது. வாங்குகிறவள் யாரோ, எந்த ஊரோ, அவள் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பொட்டு. என் கையை விட்டு எதுவும் வெறுமனே போனதில்லை. அன்று விடியற்காலை நான்தான் மண்டபத்தைத் திறந்தேன். முந்தின நாள் சிஸ்டர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போயிருந்தார். கடல் தாண்டிப் போகிறதே, குழந்தைகள் குடிக்கப் போகிறதே, வெறுமனே அனுப்புவதா என்று தோன்றியது. கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன். பளபள உறையில் தண்ணீர் மஞ்சள் ஒட்டவில்லை. நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தேன், ஒட்டியது! பாக்கெட்டின் தலைப்பில் வெள்ளையாக ஒரு பட்டை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் போல இருந்தது. அதில்தான் தேதி இருக்கிறது என்று இந்த மடையன் பார்க்கவில்லை.

அதோடு நிறுத்தினேனா? ஜன்னலுக்குக் கீழே பதினான்கு பாக்கெட்டுகள் தனியாகக் கிடந்தன. காலாவதியானவை என்று சிஸ்டர் ஒதுக்கி வைத்தவை. யாரோ பைக்குள் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்றுக்குப் பொட்டு வைத்து இன்னொன்றை வெறுமனே விடுவதா என்று அவற்றுக்கும் வைத்தேன். வைத்து மற்றவற்றோடு கலந்தவனும் நானே. எவ்வளவு திருப்தியாகக் கைகழுவினேன் தெரியுமா? வீட்டுக்குப் போய் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்!

சிஸ்டருக்குத் தெரியும். வேன் திரும்பி வந்தபோது பைகளை இறக்கி அவர் கையில் கொடுத்தவன் நான். நல்லெண்ணெய் மஞ்சள் நகத்தை விட்டு ஒரே நாளில் போகாது. அவர் என் நகத்தைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார். மறுநாள் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னார்.

நான் ஏன் எழவில்லை? எட்டு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் அவர் மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டச் சொல்லி, ஒவ்வொரு பாக்கெட்டாகக் கத்தரித்துக் கொட்டினார். எது நல்லது, எது கெட்டது என்று இனிப் பிரிக்க முடியாதே! நம் தெருப் பெண்கள் சுற்றி நின்று, "எங்க புள்ளைங்களுக்காச்சும் குடுங்க சிஸ்டர், பாவம், இப்படிக் கொட்றீங்களே" என்று கெஞ்சினார்கள். "அந்தப் புள்ளைக்கு ஆவாதது நம்ம புள்ளைக்கு மட்டும் ஆவுமா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டே இருந்தார். முழங்கைவரை வெள்ளை. நான் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். கைகழுவிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"உங்க பேரைச் சொன்னாத்தான்ணே இந்தத் தெருவுல கதவு தொறக்குது. என் பேரு கெட்டா நான் ஒருத்தி. உங்க பேரு கெட்டா வேலையே நின்னுபூடும். அங்க கியூவுல நிக்கறவளுக்கு நம்ம சண்டை எதுக்கு? வேலை முடியட்டும். முடிஞ்சதும் நீங்களே எழுந்து நின்னு சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

முடிஞ்சதும் சொல்லிடுங்க! எவ்வளவு வசதியான வாக்கு அது எனக்கு! ஒவ்வொரு மாதமும் வேலை முடியவில்லை, முடியவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆடி போனது, ஐப்பசி போனது, பொங்கலும் போனது. அவர் எதையும் கேட்கவில்லை. பொறுப்பிலிருந்து நீக்கிய பிறகும் தினமும் டவுன் பஸ் ஏறி வந்தார். நாம் கொடுத்த வேலை பை தைப்பது. ஆனால் தேதி பார்க்கும் பொறுப்பை வாங்கிய பெண் கீர்த்தி திணறியபோது யாரைக் கூப்பிட்டாள்? கீர்த்தி, நீ அழாதே அம்மா. நீ நியாயமாகத்தான் கூப்பிட்டாய். பொறுப்பு இல்லை, ஆனால் வேலை உண்டு. அதுதான் நாம் சிஸ்டருக்கு வைத்த இடம். பேனரில் போட்ட செம்மல் பட்டத்தை அன்றைக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் ஒரு மஞ்சள் நூல் கட்டுகிறோமே, அதை "தலைவரின் அருமையான யோசனை" என்று பூவராகவன் போன கூட்டத்தில் பாராட்டினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அந்த யோசனையும் சிஸ்டருடையதுதான்! குழியை மூடிய அன்றைக்கே என்னிடம் சொன்னார். "தறியில மிஞ்சின நூலைக் கொண்டாங்கண்ணே. அதுல மஞ்சள் தடவிக் கட்டுங்க. தேதியும் மறையாது, உங்க மனசும் ஆறும்." யோசித்துப் பாருங்கள். என்னால் அவமானப்பட்ட அன்றைக்கே, என் வழக்கத்துக்கு ஒரு வழி செய்து கொடுத்தார். அவர் சிலுவை போட்டவர். மஞ்சள் பொட்டு அவருக்கு வழக்கமில்லை. ஆனாலும் ஒருநாளும் என்னைக் கேலி செய்யவில்லை. சரிபார்த்து முடித்த பெட்டிக்கு மட்டும் அந்த நூல் என்று அதற்கும் ஒரு ஒழுங்கு வைத்தார்.

இலங்கையிலிருந்து ஒரு தாய் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாரே, நினைவிருக்கிறதா? "நீங்கள் அனுப்பின பால்மா கிடைச்சது. பெட்டியில மஞ்சள் நூல் கட்டி இருந்தது. அதைப் பிள்ளைக்குக் கையில கட்டியிருக்கிறன்." இந்த ஒலிபெருக்கியில்தான் போட்டுக் கேட்டோம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். சிஸ்டர் அதோ அந்தத் தூணோரம் பை தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் பல்லால் நூலைக் கடித்தார். நான் அன்றைக்காவது எழுந்திருக்க வேண்டாமா? ஏன் உட்கார்ந்திருந்தேன்? கைதட்டு அவ்வளவு இனிப்பாக இருந்தது, அதனால்தான். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஒன்பது நாளுக்கு முன்னால், செவிலிமேட்டு வீட்டில், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வேலை முடிந்ததும் சொல்லச் சொன்னார். வேலை முடியவில்லை, அவர் முடிந்துவிட்டார். நான் சொல்ல வேண்டியது யாருடைய காதில் விழ வேண்டுமோ அந்தக் காது இன்று இல்லை. இந்த வெட்கத்தோடுதான் நான் இனி இருக்க வேண்டும்.

சுகாசினி அம்மா, உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். உங்கம்மா வளர்த்த பிள்ளை ஆச்சே. கொடுக்காதே. கொஞ்ச நாள் வைத்துக்கொள்.

கைலாசம் அய்யா, பூவராகவன் அவர்களே! மேரி ஜெபகுமாரைப் பொறுப்பிலிருந்து நீக்கிய அந்தத் தீர்மானத்தை, வாசித்த இதே வாயால் இப்போது ரத்து செய்கிறேன். தவறு செய்தவர் பஞ்சாட்சரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். என் பெயருக்குத் திறந்த கதவுகள் இன்று முதல் மூடிக்கொள்ளும் என்றால் மூடிக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிஸ்டர் பயந்தது இதற்குத்தான். பஞ்சாட்சரத்தின் பெயர் கெட்டால் வேலை நின்றுவிடும் என்று எட்டு மாதம் பழியைச் சுமந்தார். அவர் நம்மைப் பற்றி நினைத்தது சரியா, தவறா? அதை நீங்கள்தான் இன்றைக்குக் காட்ட வேண்டும். எப்போது காட்டப் போகிறீர்கள்? அடுத்த கூட்டத்திலா? இல்லை. இன்னும் முப்பது நிமிடத்தில்!

தம்பி தினேஷ், அந்தத் திரையை இழு.

பாருங்கள். நாற்பத்தாறு பெட்டிகள். சிஸ்டர் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த சரக்கு. இருபத்தேழு பெட்டியில் மஞ்சள் நூல் இருக்கிறது. அது அவர் கையால் கட்டியது. பத்தொன்பது பெட்டியில் இல்லை. நான்கு மணிக்கு வேன் வந்தால் இருபத்தேழு மட்டும் போகும். மீதி அடுத்த மாதம். அடுத்த மாதம் என்பது அங்கே வரிசையில் நிற்கிறவளுக்கு எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. வேண்டாம். கேட்டுக்கொள்கிறேன், மௌனம் மட்டும் வேண்டாம். நான் ஒருவனே எட்டு மாதம் இருந்துவிட்டேன், அது போதும்.

நாற்காலிகளை ஓரம் தள்ளுங்கள். பாயை விரியுங்கள். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காருங்கள். செவிலிமேட்டிலிருந்து ஒருவர் படிக்கட்டும், பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருவர் திருப்பிச் சொல்லட்டும். கைலாசம் அய்யா, நீங்களும் இறங்கி வாருங்கள், கண்ணாடி போட்டிருக்கிறீர்கள் அல்லவா? சந்தேகம் வந்த பாக்கெட்டை ஜன்னலுக்குக் கீழே வையுங்கள். அங்கே வைத்ததை ஒருவரும் தொடக் கூடாது. நான் தொட வந்தால், என் கையைத் தட்டிவிடுங்கள்!

நூல் என் மடியில் இருக்கிறது. காலையிலேயே மஞ்சள் தடவி உலர்த்திக் கொண்டுவந்தேன். ஆனால் இன்று கட்டுவது நான் இல்லை. சுகாசினி அம்மா, இதைப் பிடி.

முதல் பெட்டியை இப்படித் தள்ளுங்கள். பூவராகவன் அவர்களே, உட்காருங்கள், வேட்டி அழுக்கானால் நான் துவைத்துத் தருகிறேன். ஒரு பாக்கெட்டை எடுங்கள். தேதியை உரக்கப் படியுங்கள், பின்வரிசைவரை கேட்க வேண்டும்.

படியுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்.